வில்லங்கம் இல்லாத நிலம்

என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்லிப் பழகிய வாய் எங்கள் பக்கத்து வாய். அதனால் எங்கே ழ, எங்கே ள என்று எழுதும்போது கை நின்றுவிடும். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் எழுந்து வந்ததால்தான் இப்போது எழுதுகிறேன்.

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை. அதில் ஒரு கிணறு, ஒரு மோட்டார் கொட்டகை. நிலம் என் அக்காவின் புருஷனுடையது. உழுதது நான். மாமாவுக்குப் பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அட்டெண்டர் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். எங்கள் அப்பா விட்டுப்போனது என் அண்ணன்களுக்கே போதவில்லை. எனக்கு அந்த இரண்டு ஏக்கரை விட்டால் வேறு இடம் கிடையாது. கலியாணம் ஆனதும் அங்கேதான், பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். விளைந்ததில் அக்கா வீட்டுக்கு எவ்வளவு, என் வீட்டுக்கு எவ்வளவு என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமா பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுவது பெண் கொடுத்த இடத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். எந்தப் பேராசிரியர் காப்பியில் சர்க்கரை போடமாட்டார், எந்தப் பையன் பரீட்சை ஹாலுக்குத் தூங்கி வழிந்துகொண்டு வந்தான் என்றெல்லாம் சொல்வார். அவர் செத்தபோது அங்கிருந்து இரண்டு காரில் படித்தவர்கள் மாலையோடு வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றார்கள். அதை அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"நைனா, நெலத்த அவுரு வேல பார்த்த எடத்துக்கே எழுதி வச்சிடலாம்னு கீறேன். என் காலத்துக்கு அப்பால."

"அப்ப நானு?" என்றேன்.

"நீ எங்க போவ? கோயில் மானியம் மாதிரிதான்டா. நெலம் சாமி பேர்ல கீது. சாமியா வந்து ஏர் ஓட்டுது? உழுறவன் உழுதுக்கினுதான் கீறான். நீயும் உன் புள்ளையும் உழுவீங்க. நெல்லு மட்டும் அங்க ஆஸ்டல் புள்ளைங்களுக்குப் போவும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் கோயில் மானியத்தை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம்தான் உழுகிறது. யாரும் அவர்களை எழுந்திரு என்று சொன்னதில்லை. ராத்திரி என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"நாளைக்கு ஆஸ்டல்காரன் மரக்கால தூக்கிக்கினு வந்து உன் வூட்டு வாசல்ல குந்தப் போறான். உங்க அக்கா இன்னா சொன்னாலும் தலைய ஆட்டிக்கினே இரு."

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்டவர், மரியாதையான மனுஷன். அக்கா அவருக்கு நாற்காலி போட்டாள். நான் மரம் ஏறி இளநீர் பறித்து வந்து, ஒரு ஓரமாக நின்று சீவிக்கொண்டிருந்தேன்.

"நிலத்துல வில்லங்கம் ஏதாவது இருக்காம்மா? அடமானம், குத்தகை, பங்காளி வழக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமான நெலம்."

"பயிர் வைக்கிறது யாரு?"

"என் தம்பிதான். வூட்டு ஆளு."

வீட்டு ஆள் என்ற வார்த்தை எனக்கு இனித்தது. இளநீரை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் கொடுத்தேன்.

அந்த வருஷ அறுப்பு முடிந்த சமயம் தாலுக்கா ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார். யார் நிலத்தை யார் குத்தகைக்கு உழுகிறார்கள் என்று பதிவு செய்கிறார்கள், பதிவு செய்தால் யாரும் சுலபத்தில் வெளியேற்ற முடியாது என்று ஊரில் பேச்சு. என் மனைவி பிடுங்கி எடுத்தாள் என்று நானும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையிலேயே அக்கா பார்த்துவிட்டாள்.

"எங்கடா, மாப்பிள்ள மாதிரி?"

சொன்னேன்.

"கூடப் பொறந்தவளுக்கே குத்தகைக்காரன்னு எழுதிக்கப் போறியா? நல்லாகீதுடா. அப்படியே என்னைத் தெரியாதுன்னும் எழுதிக்கினு வந்துடு." பக்கத்தில் நாற்று முடிச்சோடு போன இரண்டு பெண்கள் நின்று சிரித்தார்கள். "போடா, போய் வரப்ப வெட்டு. மூஞ்சியப் பாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டையோடேயே போய் வரப்பு வெட்டினேன். குமாஸ்தா மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

உயில் உத்திரமேரூரில் எழுதினோம். சாட்சிக் கையெழுத்து ஒன்று அந்த அதிகாரியுடையது, இன்னொன்று என்னுடையது. பத்திரம் எழுதுபவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மூச்சு விடாமல் படித்தார். என் ஆயுளுக்குப் பின்னிட்டு, சர்வ சுதந்திரமாய், தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் என்று போயிற்று. விக்கிரயம் என் காதில் விக்கிரகம் என்று விழுந்தது. அக்கா கோயில் மானியம் என்று சொல்லியிருந்தாளே, அதைத்தான் பத்திரப் பாஷையில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிரயம் என்றால் எனக்குத் தெரியும். விக்கிரயம் என்றால் விற்பனை என்று யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு அன்று ரொம்ப சந்தோஷம். ஓட்டலில் எனக்கு இரண்டு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு சில வருஷம் அவள் இருந்தாள். கடைசியில் ஆறு மாதம் படுக்கை. என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள், முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் ஒரு நாளும் விடாமல். அக்கா இறந்தபோது, நிலம் கைவிட்டுப் போன கோபத்தில் மாமாவின் பங்காளிகள் வாசல் மிதிக்கவில்லை. கொள்ளி வைத்தது நான்.

அடுத்த நவரைப் பட்டத்தில் கதிர் பால் பிடித்திருந்தது. நிலத்தை ஏலம் விடுகிறார்கள் என்று பேப்பரில் வந்திருப்பதாக டீக்கடையில் ஒருவர் படித்துச் சொன்னார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர் எடுத்தார். நல்ல மனுஷன்தான், அறுத்துக்கொள்ள விட்டார். அறுத்த மறுவாரம் கல் நட்டு, மோட்டார் கொட்டகைக்கு வேறு பூட்டு போட்டார். அந்த வருஷத்திலிருந்து நான் இன்னொருவர் மில்லில் நெல் அவிக்கிறேன்.

ஊரில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன். படித்தவர்கள் என் அக்காவை ஏமாற்றிவிட்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் மானியம் என்று சொல்லி வாங்கி விற்றுவிட்டார்கள் என்று. என் மனைவி "அவங்களயா ஏமாத்தினாங்க?" என்று ஒருமுறை கேட்டாள். அவளோடு நான் நாலு நாள் பேசவில்லை.

இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் அக்கா, மாமா பேரில் ஏற்பட்ட அறக்கட்டளையில் முதல் உதவித்தொகை கொடுக்கிறார்கள், குடும்பத்தார் வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அதே அதிகாரி இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, தன் அறையில் உட்காரச் சொன்னார். கேட்டேன். அக்காவை ஏமாற்றலாமா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"ஐயா, அந்த இடத்துக்குப் போய் விவசாயம் பண்ண எங்ககிட்ட ஆள் இல்ல. வித்துத்தான் அறக்கட்டளை வைக்க முடியும். இத உங்க அக்காகிட்ட நான் முதல்லயே சொன்னேன். நல்லாப் புரிஞ்சுதான் ஒத்துக்கிட்டாங்க. 'தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா'ன்னும் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "'அவன்கிட்ட சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு வேற எடம் பார்த்துக்கினு பூடுவான். அப்பால எனக்கு யாரு கீறாங்க'ன்னாங்க."

அவர் படித்தவர். இட்டுக்கினு, பூடுவான், கீறாங்க என்பதெல்லாம் அவர் வாயில் வருகிற வார்த்தைகள் இல்லை. என் அக்கா அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த நாற்காலியில் இருக்கும்போதுதான் குமாஸ்தா வந்த நாள் புரிந்தது. ஊர் சிரிக்கும் என்பதற்காக அவள் என்னைத் தடுக்கவில்லை. என் பேர் பதிவானால் நிலத்தில் குத்தகை ஏறிவிடும், பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லிவிடும். அவள் சொன்ன சுத்தமான நிலத்தில் இருந்த ஒரே வில்லங்கம் நான்தான்.

விழாவில் ஒரு பெண் மேடைக்கு வந்து கவரை வாங்கினாள். கூலி வேலை செய்கிறவர் மகள் என்று சொன்னார்கள். அந்தப் பெண்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மேடையில் அக்கா படம் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். குடும்பத்தார் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலையாட்டி மறுத்துவிட்டு, எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அவள் கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன். நிலம் எனக்கு இல்லை, ஆனாலும் என்னோடு இருடா என்று சொல்லியிருந்தால் அவள் கண் மூடும்வரை இருந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் நிலம் போனதைவிட அதிகமாக அறுக்கிறது.

பிள்ளை இல்லாதவள் என்று வருஷா வருஷம் அவளுக்குத் திதி கொடுத்தது நான். இன்று அவள் திதி. காலையில் என் மனைவி வாழைக்காயும் எள்ளும் எடுத்து வைத்தாள்.

"ஏரிக்குப் போவலியா?"

"போவல."

இத்தனை வருஷம் அக்காவைக் குத்திக்காட்டியவள், முறத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாவம்யா அது. உன்னை விட்டா யாரு கீறாங்க அதுக்கு? போய்ட்டு வந்துடு."

எனக்கும் தெரிகிறது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். உச்சி வேளை தாண்டிவிட்டது. வாழைக்காயை அவள் குழம்பில் போட்டுவிட்டாள். நான் போகவில்லை.

1987, ஐப்பசி 9.