அக்காவுக்கு மே, எனக்கு ஜூலை

நான் இருக்கும் டென்மார்க்கில் யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை. வருஷத்தின் ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பல் டாக்டர் பதினொன்றாம் வாரம் வரச் சொல்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் நாற்பத்திரண்டாம் வாரம் குழாய் மாற்ற ஆள் அனுப்புகிறேன் என்கிறார். வாரத்துக்கு அவர்கள் மொழியில் 'ஊகெ' என்று எழுதி, 'ஊவெ' என்று வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துவிடுவார்கள். வந்து பதினொரு வருஷம் ஆகியும், யாராவது எண்ணைச் சொன்னால் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் காலண்டரைப் பார்த்துத்தான் எந்த மாதம் என்று தெரிந்துகொள்கிறேன். ஜனவரியில், மதியம் தாண்டியதுமே இருட்டத் தொடங்கும் நாட்களில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரு பெரிய தாளை ஒட்டுவார்கள். கோடை விடுமுறைக்கு யாருக்கு எந்த வாரம் வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். பனியில் நனைந்த ஜாக்கெட்டோடு நின்றுகொண்டு கோடையைப் பற்றி யோசிக்க எனக்கு வந்ததே இல்லை. எல்லோரும் எடுத்த பிறகு மிச்சமிருப்பதை வாங்கிக்கொண்டு, அறையில் படுத்துத் தூங்கித் தீர்ப்பேன். இந்த வருஷம் மட்டும் முதல் ஆளாகப் போய் எழுதினேன். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. அதாவது ஜூலை நடுவிலிருந்து மூன்று வாரம்.

காரணம் ரூபி அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு சேலையூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கும் குடும்பம் என்று சொல்ல அவள் ஒருத்திதான். எங்கள் அப்பா தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். வருஷாவருஷம் குடும்பத்துக்கு ரயில்வே பாஸ் கிடைக்கும். நாங்கள் இந்தியா முழுக்கச் சுற்றியிருப்போம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். அந்தப் பாஸில் நாங்கள் போனதெல்லாம் தெற்கே சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும்தான். "தஞ்சாவூர் போலாம்ப்பா, அப்படியே கடலோரமா எங்கயாவது போலாம்ப்பா" என்று ஒவ்வொரு மே மாதமும் அக்கா கேட்பாள். "அடுத்த லீவுக்கு" என்பார் அப்பா. அடுத்த லீவுக்குள் யாராவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததுதான் எங்கள் மே மாதம். நான் வெளிநாடு வந்த பிறகும் கதை மாறவில்லை. அப்பாவுக்கு ஒரு முறை, அம்மாவுக்கு ஒரு முறை, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு முறை என்று மூன்று தடவை ஊருக்குப் போனேன். மூன்று தடவையும் தாம்பரத்தைத் தாண்டவில்லை.

போன கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் பேசும்போது அக்கா சொன்னாள். "டேய், முட்டி தேஞ்சு போச்சாம். இந்த வருஷம் நடப்பீங்க, அடுத்த வருஷத்துக்கு கேரண்டி இல்லங்கறார் டாக்டர். இந்த சம்மர் லீவுலயாவது என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போவியா மாட்டியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் திட்டம் போடுவதுதான் வேலை. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டுவாள். முதலில் தஞ்சாவூர், கும்பகோணம். கோயில், அரண்மனை எல்லாம் முட்டிக்குத் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிறகு தரங்கம்பாடி, வேளாங்கண்ணி. திரும்பும்போது புதுச்சேரி வழியாகக் கரையை ஒட்டியே வந்து, மாமல்லபுரம், கோவளம் பார்த்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீடு. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. "அங்க நீதான்டா எனக்கு கைடு. உங்க ஆளுங்க கட்டினதுதானே" என்று கிண்டல் செய்வாள். 'உங்க ஆளுங்க' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இங்கே யாரும் என்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"வெயில் பிச்சு எடுக்கும்டா. உனக்கு ஒத்துக்குமா?"

"வெயிலுக்குத்தானேக்கா வர்றதே."

"அப்ப லீவு விட்டதும் முதல் வாரமே கிளம்பிடலாம்."

"ஆமா, லீவு விட்டதும்."

இதைப் படிக்கிற உங்களில் ஊரில் இருக்கிறவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். என்னைப் போல வெளியே கிடக்கிறவர்களுக்குத்தான் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதம் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். தஞ்சாவூருக்கு ரயில் டிக்கெட். இரண்டு பேர், இரண்டும் கீழ் பெர்த். மே முதல் வாரம். நான் ஜூலைக்கு விமான டிக்கெட் எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதமாக இரண்டு பேரும் வாய் ஓயாமல் சம்மர் லீவு, சம்மர் லீவு என்றே பேசியிருக்கிறோம். எந்த மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைப் போய் யாராவது கேட்பார்களா? அவள் பள்ளிக்கூட லீவைச் சொன்னாள். நான் சமையலறைத் தாளைச் சொன்னேன். தாம்பரத்தில் முப்பது வருஷம் வேர்த்து வளர்ந்தவனுக்கு, கோடை என்றால் மே என்பது எப்போது மறந்துபோனது என்று தெரியவில்லை. சொந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டவன் மாதிரி வெட்கமாக இருந்தது.

போன் போட்டுச் சொன்னதும் அக்கா, "ஜூலையில எப்படிடா வருவேன்? டென்த் எடுக்கறேன். மிட்டெர்ம் வேற. எச்.எம். ஒரு நாள் சி.எல். குடுத்தாலே பெரிசு" என்றாள். நீ மாற்ற முடியாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் எங்கள் சமையலறைப் பொறுப்பாளர் லேனெவிடம் போய் நின்றேன். நல்ல பெண்மணிதான். என் டேனிஷ் மொழிதான் நல்லதல்ல. "என் அக்காவுக்குக் கோடை மே மாதத்தில் வருகிறது. எனக்கும் விடுமுறையை மாற்றித் தர முடியுமா?" என்றேன்.

"ஓ, ஆஸ்திரேலியாவில் இருக்கிறாரா?"

"இல்லை, இந்தியாவில்."

"அங்கே ஜூலையில் குளிருமா?"

"இல்லை, வெயிலடிக்கும். ஆனால் கோடை முடிந்துவிடும்."

லேனெ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெயில் அடிக்கிறது, ஆனால் கோடை இல்லை என்று ஒருவன் சொன்னால் அவர் என்ன செய்வார். வேலை அதிகமாகிவிட்டதா, ராத்திரி ஒழுங்காகத் தூக்கம் வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு தாளைக் காட்டினார். மே மாதத்தில் இங்கே வீட்டுக்கு வீடு, பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சர்ச்சில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் விழா. ஐந்து பேர் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. அந்த மொழியில் சண்டை போடும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.

அக்கா தனியாகவே போனாள். என் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன், செய்யவில்லை. "கைப்பைய வச்சுக்க இடம் வேணாமா" என்றாள். பத்து நாளும் குரல் செய்தி வந்துகொண்டிருந்தது. கும்பகோணத்துக் காபி, தரங்கம்பாடிக் காற்று, வேளாங்கண்ணியில் மணலில் நடந்து முட்டி வீங்கியது. நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. படம் அனுப்பு என்று எத்தனை முறை கேட்டும் ஒன்றுகூட அனுப்பவில்லை. நேரில் வா, காட்டுகிறேன் என்றாள்.

ஜூலையில் போனேன். அக்கா காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவாள். நான் அந்த வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். நீ மட்டுமாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். எனக்கு மனசு வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், ஒன்றும் வாங்காமல், கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பினேன். மூன்று வாரத்தில் எங்கள் இருவருக்கும் வாய்த்த சுற்றுலா ஒரே ஒரு சனிக்கிழமைதான். கோவளம்.

படகுகளுக்குப் பக்கத்தில், மீன் ஏலம் நடக்கும் சத்தத்துக்கு நடுவில், அக்கா காலை நீட்டி உட்கார்ந்து போனைத் திறந்து கொடுத்தாள். தஞ்சாவூர்க் கோபுரம், கோட்டை, கடல். எல்லாப் படத்திலும் அவள் இடது ஓரத்தில் நின்றாள். பாதிப் படம் காலியாக இருந்தது.

"எடுத்தவங்களுக்கு எடுக்கவே தெரியலயாக்கா? ஏன் ஓரமா நிக்கற?"

"நான்தான் அப்படி எடுக்கச் சொன்னேன். உனக்கு இடம் விட்டிருக்கேன்டா. ஸ்டுடியோல குடுத்தா ஒட்டிக் குடுப்பாங்க."

அழுகை வந்துவிட்டது. கண்ணில் மணல் விழுந்தது என்று சொல்லவில்லை. அழுதேன். அவளும் தடுக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் இருக்கும் ஸ்டுடியோவுக்குத் திங்கட்கிழமை மாலை போனோம். ஸ்டுடியோக்காரர் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார், அக்காவுக்கு சரியான வெயிலு அடிக்குது, நெழலு கீது. உங்களுக்கு இல்ல. பார்த்தா தெரிஞ்சிடும்." வெளியே ரோட்டில் நிறுத்தி எடுத்தார். மூன்று நாளாக மேகமூட்டம். தரையில் என் நிழல் விழவே இல்லை. "வெயிலு வர்ற அன்னிக்கு வாங்க சார்" என்றார். எனக்கு வியாழக்கிழமை விமானம். அக்கா முந்திக்கொண்டு, "பரவால்லண்ணா, அப்படியே ஒட்டுங்க. யாரு தரையப் பாக்கப் போறாங்க" என்றாள். புதன்கிழமை படங்கள் வந்தன. கோட்டைக்கு முன்னால் அக்காவின் நிழல் நீளமாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டு நான் சிரித்தபடி நின்றேன்.

அன்று சாயங்காலமே அக்காவோடு வேலை பார்க்கும் கலா டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். அக்கா காபியை வைத்துவிட்டு ஆல்பத்தைப் பிரித்தாள்.

"அட, தம்பியும் கூட வந்தாரா? நீங்க சொல்லவே இல்லயே டீச்சர்!"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "வராம? தஞ்சாவூர் அரண்மனையில பாதிப் படியிலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டான். இந்த முட்டிய வச்சுட்டு நான் ஏறிட்டேன், இவனால முடியல."

கலா டீச்சர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

"ஆமாங்க," என்றேன். "வெயில் வேற."

சொல்லும்போது பிடரியில் உண்மையாகவே சுட்டது. அக்கா அடுத்த படத்துக்குப் புரட்டினாள். அதிலும் நான் இருந்தேன்.