டெய்லர் எழுதிக்கொடுத்த எடை

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடமாகத் துணி தைக்கிறார். இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணிடமும் அவள் இடுப்பளவை உள்ளபடி சொன்னதில்லை. டேப்பைச் சுற்றுவார், ஒரு நொடி யோசிப்பார், "முப்பது" என்பார். முப்பத்தாறு என்று கண்ணிருக்கிற எவருக்கும் தெரியும். வந்தவள் சிரித்த முகமாய்ப் போவாள். தைத்து வரும் துணியோ கச்சிதமாக இருக்கும். எப்படி என்று நான் கேட்டதில்லை. கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றபடி அளவு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, இவர் ஆற்றையும் சேர்த்து அளப்பார். எங்கள் ஸ்டேஷன் வேகனைக்கூட அப்படித்தான் வாங்கினார். கடையை மூடிக்கொண்டு போன ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரின் வண்டி அது. எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. இவர் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே தவழ்ந்து போய் டேப் பிடித்தார். "ஆறடி மூணு அங்குலம். துணி மடங்காம கிடக்கும்" என்றார். அவ்வளவுதான், வண்டி எங்கள் தலையில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வண்டியில் சந்தைக்குப் போவோம். பள்ளிச் சீருடை, நர்ஸ் கோட்டு, மெக்கானிக் சட்டை, எல்லாம் இருக்கும். வேகனின் பின்கதவு கீழே சாய்ந்து பலகை மாதிரி நிற்கும். அதுதான் எங்களுக்குக் கடை, அதுதான் நாற்காலி. நானும், அவருடைய அக்காவான என் நாத்தனாரும் அதில் உட்கார்ந்து விற்போம். அவர் பக்கத்தில் நின்று அளவெடுப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எனக்காகவே சொன்னது. அவர் தைப்பார், நான் பேசுவேன், நாத்தனார் குறை சொல்வார். மூன்று பேருக்கும் கைநிறைய வேலை.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். புது மூட்டு வைத்தார்கள். எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுவேன். இதில் என்ன வெட்கம், அழுதேன். ஊரெல்லாம் பேசித் தீர்த்தவளைச் சுவரோடு பேச விட்டால் வேறென்ன செய்வாள்? கடைசியில், சந்தைக்குப் போகலாம் என்று டாக்டர் வாய்திறந்தார். ஆனால் உட்காரும் இடம் என் முழங்காலைவிட ஒரு அங்குலமாவது உயரமாக இருக்கவேண்டும். தாழ்ந்து உட்கார்ந்தால் மூட்டு நழுவும், மறுபடி ஆஸ்பத்திரிதான்.

எங்கள் வண்டியோ பின்பக்கம் குந்திப் பல வருடமாகிறது. பின்சக்கரத்தின் மேல் வில் மாதிரி வளைந்து பாரம் தாங்கும் இரும்பு அடுக்கைக் கமான் பட்டை என்பார்கள். எங்கள் வண்டியில் அந்த வில் நிமிர்ந்து படுத்துவிட்டது. முன்விளக்கு மரக்கிளையில் காக்காய் தேடும். மூட்டை ஏற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் பின்கதவு என் முழங்காலுக்கு நாலு அங்குலம் கீழே போய்விடும். ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பின்கதவைத் தாண்டி ஒரு டப்பாகூட வைக்கக் கூடாது என்பது சந்தையின் சட்டம். அவர் வெட்டுத்துணி அடைத்து மெத்தை ஒன்று தைத்துக் கொடுத்தார். நாத்தனார் உட்கார்ந்து பார்த்தார். மெத்தை போன இடம் தெரியவில்லை.

"வண்டியையே தூக்கிடலாம்" என்றார் அவர்.

மூவரும் கமான் பட்டை அடிக்கும் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பழைய பட்டையையே காய்ச்சி வளைச்சுத் தரலாம், டெய்லரண்ணே. ஆறு மாசத்துல மறுபடி படுத்துக்கும். வேன் பட்டை போட்டா யானை ஏறினாலும் அசையாது. ஆனா ரோட்டுல ஒரு கல்லு கிடந்தாலும் இந்தம்மா இடுப்பு சொல்லும். இல்லன்னா ரெடிமேட் செட் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்."

ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் சுண்டிப்போனது.

"அளவு குடுத்தா செஞ்சு தருவீங்களா?"

"தருவேன். பாரத்தைப் பாத்துத்தான் எத்தனை பட்டைன்னு முடிவு பண்ணுவேன். குறைச்சுச் சொன்னா வண்டி உக்காந்துடும், கூட்டிச் சொன்னா குதிக்கும். மூட்டை எவ்வளவு, யார் யார் உக்காருவாங்க, எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

இவர் முட்டி போட்டு என் முழங்கால் உயரத்தை அளந்தார். பதினெட்டு அங்குலம். பிறகு வண்டியின் மேலேயே சீட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். துணி மூட்டை, இரும்பு ஸ்டாண்டு, தையல் மிஷின் என்று பேனா வேகமாக ஓடியது. எங்கள் பெயருக்கு வந்ததும் நின்றது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாத்தனார், இருவரும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஐம்பத்தைந்து கிலோ என்று எழுதினார். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு எண் சொன்னார்கள். வலியில் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாருக்கு அறுபது என்று எழுதினார்.

"போன மாசம் கொஞ்சம் இளைச்சேனே, தம்பி" என்றார் நாத்தனார்.

அறுபதை அடித்து ஐம்பத்தெட்டாக்கினார். பேனா வழக்கம்போல ஒழுகி, எண்களுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாய் மை. அவருடைய அளவு நோட்டு முழுக்க இந்தக் கண்றாவிதான். இதற்காகவே நான் ஐந்து புதுப் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தும் ஒழுகின.

பத்து நாளில் பட்டை தயாரானது. மாட்டி இறக்கியதும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. மூட்டைகளை ஏற்றினோம், கொஞ்சம்தான் தணிந்தது. நாத்தனார் உட்கார்ந்தார், இன்னும் தணிந்தது. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உடம்பை இறக்கினேன். இவர் தரையில் குந்தி டேப் பிடித்திருந்தார்.

"எழுந்திரு, எழுந்திரு" என்றார்.

பதினேழரை. பத்தொன்பது வேண்டிய இடத்தில் பதினேழரை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்ன உடுத்திக்கொள்வது என்றுகூட எடுத்து வைத்திருந்தேன்.

அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். பட்டறைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு அடிக்கிறாரா, ஈ அடிக்கிறாரா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் பாவம், சீட்டை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"எழுதினபடிதான் போட்டிருக்கேன். கணக்கு சரியா இருக்கு." பிறகு எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "இதுல எழுதியிருக்கறது உங்க ரெண்டு பேரைத்தானே?" என்றார்.

இவர் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவர் மேல தப்பில்ல" என்றார் கடைசியில். "புள்ளியைப் பாக்காம விட்டுட்டார்."

"எந்தப் புள்ளி?" என்றேன்.

"எண்ணுக்குப் பக்கத்துல இருக்கே. துணின்னா ஒரு புள்ளிக்கு ரெண்டு அங்குலம். இதுல ஒரு புள்ளிக்கு அஞ்சு கிலோ போட்டேன். அளவு வச்சு வேலை செய்றவர்தானே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"இரும்புல புள்ளியெல்லாம் கிடையாதுண்ணே" என்றார் பட்டறைக்காரர்.

சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். என் ஐம்பத்தைந்துக்குப் பக்கத்தில் நாலு புள்ளி. நாத்தனாரின் ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில் ஆறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பூசணிக்காயைப் பத்துப் புள்ளியில் மறைத்தவரோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"அது ஈ உக்காந்த கறை" என்றார் நாத்தனார்.

"அஞ்சு பேனா வாங்கிக் குடுத்தேனேங்க, பாவி மனுஷா" என்றேன் நான்.

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ளியை நம்பி இன்னொரு பட்டை போட முடியாதும்மா. கூடிப்போனா வண்டி குதிக்கும், உங்க இடுப்புக்கு ஆகாது. அதோ, பழைய இரும்பு நிறுக்கற தராசு இருக்கு."

தராசு பட்டறை வாசலில், தெருவைப் பார்த்து இருந்தது. தட்டில் துரு. முள் பெரியது, எதிர்க்கடையில் இருப்பவருக்கும் தெரியும். நான் அதைப் பார்த்தபடி நின்றேன். ஐம்பத்தைந்து வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிறகு கைத்தடியை இவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

"எழுபத்தஞ்சு" என்று நானே உரக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாலு புள்ளி, சுத்தமாக இருபது கிலோ. கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறார் மனுஷன்.

"நீங்க ஏறுங்க, அண்ணி."

"எனக்குத் தலையைச் சுத்துது."

"உக்காந்துக்கிட்டே நிறுக்கலாம்" என்றார் பட்டறைக்காரர்.

எண்பத்தெட்டரை. அந்த அரை கிலோ செருப்பு என்று நாத்தனார் இன்றுவரை சாதிக்கிறார். பட்டறைக்காரர் இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒவ்வொரு மெல்லிய பட்டை சேர்த்துக் கட்டினார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மறுபடி எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். இவர் குந்தி டேப் பிடித்தார்.

"பத்தொம்பது" என்றார். நான் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கி நானே ஒருமுறை பார்த்தேன். இனிமேல் எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணமான வருடத்து நோட்டில் என் இடுப்பு இருபத்தெட்டு, புள்ளி இல்லை. பிள்ளை பிறந்த வருடம் இருபத்தெட்டு, இரண்டு புள்ளி. போன வருட நோட்டில் இருபத்தெட்டு, பக்கத்தில் ஏழு புள்ளி, எறும்பு வரிசை மாதிரி. முப்பத்தொரு வருடத்தில் அந்த எண்ணை அவர் ஒருமுறைகூட மாற்றவில்லை.

"ஏங்க இப்படி?" என்றேன். திட்டத்தான் ஆரம்பித்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "உன் அளவு இருபத்தெட்டுதாம்மா. புள்ளியெல்லாம் துணிக்கு" என்றார்.

அதற்கு மேல் என்ன திட்டுவது? முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் சந்தை. வண்டி குதிக்காமல், குந்தாமல் போய்ச் சேர்ந்தது. பின்கதவைச் சாய்த்து உட்கார்ந்தேன். கால் தரையில் சுகமாகப் பதிந்தது. எட்டு மாதப் பேச்சை ஒரே மணி நேரத்தில் பேசினேன். பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டீங்களா, இப்பத்தான் சந்தை மாதிரி இருக்கு" என்றார்.

பத்து மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள், கோட்டு தைக்க. நல்ல தாட்டியான பெண். இவர் டேப்பைச் சுற்றினார். நோட்டு என் மடியில் இருந்தது.

"இடுப்பு முப்பத்திரண்டு" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

நான் அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தேன். முப்பத்திரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வைத்தேன். இவர் ஓரக்கண்ணால் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நாலாவதும் வைத்தேன்.

அவள் குனிந்து நோட்டைப் பார்த்தாள். "அது என்னக்கா புள்ளி?"

"பேனா ஒழுகுதும்மா" என்றேன்.