நான் சொன்ன ஆவி

போன மழைக்காலத்தில் குன்னூர் நாள்கணக்கில் பனிமூட்டத்துக்குள் கிடந்தபோது, என் மூன்று வயது மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் முகத்தில் ஒரு சின்ன முகமூடியை வைத்து, மெஷின் வழியாக மருந்தை ஆவியாகக் கொடுத்தார். நான் கட்டிலோரம் நின்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள், மூச்சிழுக்கும்போது அவள் விலா உள்வாங்குவது நின்றது.

அந்த நேரம் எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா போனில் அழைத்தார்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்குது கண்ணு?"

"இப்பப் பரவால்லீங்க்கா. ஆவியாலதான் மூச்சே திரும்புச்சு."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை 'ஆவி வைப்பது' என்றுதான் சொல்வார்கள். அதே வாய்ப்பழக்கத்தில் நானும் சொன்னேன். அக்காவின் காதில் அது பரிசுத்த ஆவியாக விழுந்தது. "ஸ்தோத்திரம்" என்றார்.

வீடு திரும்பிய பிறகுதான் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். மருந்தில்லாமல் ஆவியானவர் பிள்ளையைத் தொட்டார், ஞாயிறு ஆராதனையில் தாய் சாட்சி சொல்வார் என்று அக்கா எழுதியிருந்தார்.

உடனே திருத்தியிருக்கலாம். தட்டச்சு செய்தேன், அழித்தேன். அந்த மருந்தையும் தேவன்தானே தந்தார், அப்படியானால் இது பொய்யா? மறுத்து எழுதினால் அவர் செய்ததையே மறுத்ததாகிவிடுமா? கணவரிடம் கேட்டேன்.

"நெசத்தைச் சொன்னா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. அக்கா வேணா கோவிச்சுக்கும்" என்றார்.

அதற்குத்தான் பயந்தேன் என்பதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை சபை வாசலில் குடையை மடக்கும்போது, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். அவள் இடுப்பிலிருந்த மகளுக்கும் இரைப்பு உண்டு.

"உங்க சாட்சியப் படிச்சதும் தகிரியம் வந்துருச்சுங்க. இவளுக்குப் பஃப் மருந்து அடிக்கறத நானும் நிறுத்திப்போட்டேனுங்க. ரெண்டு நாளாச்சு."

குழந்தையின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"ஐயோ, நிறுத்தாதீங்க. என் பொண்ணுக்கு மருந்து குடுத்தோம்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "விசுவாசம் கொறஞ்சு பேசாதீங்க. அக்கா பொய் எழுதுவாங்களா?"

என் வாய்ச்சொல்லைவிட அக்கா எழுதியதற்கு எடை அதிகம். முதல் பாட்டு தொடங்கும் முன்பே முன்னால் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"நான் சொன்ன ஆவி மெஷின் ஆவிங்க. ஜெபிச்சேன், மருந்தும் குடுத்தேன். இன்னும் குடுக்கறேன். தப்பாப் போட்டதப் பார்த்தும் மூணு நாள் பேசாம இருந்தது நாந்தான். யாரும் பிள்ளைங்களுக்கு மருந்த நிறுத்தாதீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் முகம் சிவந்தது. என்னைப் பார்க்காமலேயே எழுந்து அந்தப் பெண்ணிடம் போனார்.

"பஃப் எங்க?"

"ஊட்டுல கிடக்குதுங்க்கா."

"எந்திரி. நேரா ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்."

வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார். "முன்னாடியே சொல்றதுக்கு என்ன கண்ணு? நானென்ன புலியா?"

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் மனதில் நிற்கவில்லை. மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஜெபத்தின்போது அது அதிர்ந்தது. அக்கா எழுதியிருந்தார்:

"பிள்ளைக்கு ஆவி வச்சாச்சு. மெஷின் ஆவி. நீ ஜெபத்த நிறுத்தாத."