இஃப் போட்டால் இல்லை என்று அர்த்தம்

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. சின்னப் பிள்ளைகள் என்றால் பயந்தாவது கேட்டுக்கொள்ளும். நாற்பது வயதுக்காரர்கள் கேட்டுக்கொள்ள மாட்டார்கள், திருப்பிக் கேட்பார்கள். வார நாட்களில் என் கப்சாய் மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிறேன். ஞாயிறு காலையில் பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடையின் மாடியில் வகுப்பு. ஒரு வகுப்பில் நிற்கும்போதே மனசு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிடும். அந்த அவசரம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என்னைப் போல் சிவப்புப் பேனாவை நம்பிப் பிழைக்கிறவர்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எட்டுச் சொல்

எத்தனை கவனமாக நடத்தினாலும் என் வகுப்பு கவிழ்கிற இடம் ஒன்று உண்டு. If I had known, I would have come. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். அதாவது தெரியவில்லை, வரவில்லை. தமிழில் இரண்டே சொல்லில் முடிகிற சமாசாரத்துக்கு இங்கிலீஷில் எட்டுச் சொல். மலாயில் இன்னும் சௌகரியம். if-க்குப் பதிலாக முன்னால் ஒரு ‘கலாவ்’ போட்டால் போதும், வினைச்சொல் இருந்த இடத்தை விட்டு அசையாது. எங்கள் ஊர் ஆட்கள் மூன்றையும் கலந்து If I know, I sure come lah என்று முடித்துவிடுவார்கள். அது யாருக்கும் புரியாமல் போனதே இல்லை. என் பிழைப்புக்கு அதுதான் ஆபத்து.

சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணன், கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசுவதற்காக வகுப்பில் சேர்ந்தவர். போர்டில் நான் எழுதிய இருபது வாக்கியங்களையும் பொறுமையாக நோட்டில் இறக்கினார். நடக்கவில்லை, வரவில்லை, பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் நான் அர்த்தம் சொல்லி முடித்ததும் பேனாவை மூடிவிட்டார். “டீச்சர், நடந்ததையே நமக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல, நடக்காததுக்கு எதுக்குலா இவ்ளோ பில்டப்பு?”

கண்டெய்னர் வந்திருந்தா

நாதன் பட்டர்வொர்த்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க். பாடம் நடந்த மறுநாளே அதை வேலையில் காட்டிவிட்டான். கெப்பாலா பத்தாஸில் நாற்காலி மேஜை விற்கும் ஒரு வாடிக்கையாளர், “என் கண்டெய்னர் வந்துருச்சா?” என்று கேட்டிருக்கிறார். “வந்திருந்தா கூப்பிடுறேன்” என்பது நாதன் மனசில் இருந்த பதில். அதை என் எட்டுச் சொல் அச்சில் ஊற்றி, If your container had arrived, I would have called you என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

தமிழில் ‘வந்திருந்தா’ இரண்டு பக்கமும் சாயும். ‘கூப்பிடுறேன்’ என்று முடித்தால் ஒருவேளை வந்திருக்கலாம். ‘கூப்பிட்டிருப்பேன்’ என்று முடித்தால் வரவில்லை. இங்கிலீஷில் had போட்டு would have போட்டால் கதவு சாத்தியாயிற்று, வரவே இல்லை. இதை வகுப்பில் கை கால் எல்லாம் ஆட்டி விளக்கினேன். இவ்வளவு விவரமாக விளக்கியவள் நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த வாடிக்கையாளர் அதை நம்பி வேறு வேலைக்கு லாரியை அனுப்பிவிட்டார். கண்டெய்னரோ இரண்டு நாளாகத் துறைமுகத்தில்தான் கிடந்திருக்கிறது. அவர் போனில் போட்ட சத்தத்தை நாதன் நடித்துக் காட்டினான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். அவர் கத்தியது இதுதான்: “வரலன்னு நீதான தம்பி எழுதின, இப்ப எடுத்துக்கோன்னா நான் என்ன தலையிலயா தூக்கிட்டு வர்றது?”

சரோஜா அக்காவின் ரிப்போர்ட்

சரோஜா அக்காவுக்குக் கடலுக்கு அக்கரையில், ஜூருவில் ஒரு ஃபேக்டரியில் லைன் லீடர் வேலை. பத்தொன்பது வருஷ சர்வீஸ். தினமும் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன், பாதுகாப்பு மூடி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒரு நாள் காலை அந்த மூடி திறந்து, மாயா என்கிற நேபாளத்துப் பெண்ணின் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. ஏழு தையல். நல்லவேளை, விரல் போகவில்லை. என்ன நடந்தது என்று அக்கா இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் மேலிடம் வெளிநாட்டில் இருப்பதால் மலாய் செல்லாதாம்.

வகுப்பு முடிந்து நான் ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். அடுத்த டியூஷனுக்கு ஏற்கெனவே பத்து நிமிஷம் லேட். படிக்கட்டில் நின்றபடியே தாளை வாங்கினேன். நடுவில் ஒரு வரி: If I check the cover also, the machine catch her finger. பார்த்தவுடன் கை பரபரத்தது. இவ்வளவு பாடம் நடத்தியும் இப்படியா! Even if I had checked the cover, the machine would have caught her finger என்று சிவப்பு மையில் திருத்தினேன். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அதை வாசித்துப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்துபோனார். “டீச்சர், இப்பதான் பெரிய ஆபீசர் எழுதுன மாதிரி இருக்கு.”

வியாழக்கிழமை போன்

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டார். குரலே சரியில்லை. திங்கட்கிழமை விசாரணை, வேலை போனாலும் போகலாம் என்று சூராட் கொடுத்துவிட்டார்களாம். மூடியைப் பார்க்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்ததாக அந்தக் கடிதத்தில் இருக்கிறது. “நான் பார்த்தேன்னு மலாய்ல எத்தன தடவ சொல்றேன், இப்ப கதைய மாத்தாதீங்கன்றாங்க” என்றார். அக்கா அன்று சொல்ல வந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘நான் செக் பண்ணியிருந்தாலும் மெஷின் விரலைப் பிடித்துவிட்டது.’ பண்ணினார், பண்ணியும் நடந்தது. நான் அதை ‘பண்ணியிருந்தாலும் பிடித்திருக்கும்’ என்று ஆக்கிவிட்டேன். பண்ணவில்லை என்று அர்த்தம்.

எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே, தப்பு என் திருத்தத்தில்தான் என்று சொன்னேன். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். ஐம்பது வயதில் அக்காவை வேறு எந்த லைனில் எடுப்பார்கள்? நாதன் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தவள் நான். போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. நான் திருத்திய தாளை அக்கா வரி வரியாகத் தேடுகிறார் என்று புரிந்தது. “டீச்சர், இதுல ‘நாட்’ன்னு ஒரு வார்த்தகூட இல்லையே, அப்புறம் எப்படி நான் பண்ணலன்னு ஆவும்?”

மூடியைப் பற்றி நாலு வரி

திங்கட்கிழமை காலை இரண்டு டியூஷனை ரத்து செய்துவிட்டு மோட்டார்சைக்கிளோடு ஃபெர்ரி ஏறினேன். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் நடந்தால் ஃபெர்ரி வேகமாகப் போய்விடுமா என்ன! ஜூருவில் விசாரணை அறையில் இருந்தவர் புவான் ஹலிமா என்ற அதிகாரி. சிவப்பு மை பட்ட முதல் தாளை அக்கா பத்திரமாக வைத்திருந்தார். அதை மேஜையில் வைத்து, “எழுத்துதான் இவங்களோடது, இந்தத் தப்பு என்னோடது” என்று ஆரம்பித்தேன். தமிழில் ‘ஆலும்’ எப்படி இரண்டு பக்கமும் சாயும் என்று மலாயில் ஒரு பாடமே நடத்தினேன். புவான் அதையும், அக்கா அதைப் பார்த்தெழுதிக் கொடுத்திருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அக்காவிடம் நீட்டி, இங்கேயே, இப்போதே, தெரிந்த இங்கிலீஷில் எழுதச் சொன்னார்.

அக்கா நிமிரவே இல்லை. 7.00 I check cover. Cover close. Lock OK, I pull two time. 7.40 lock open own self. நாலு வரியில் எத்தனை பிழை என்று எனக்குள் இருந்த டீச்சர் எண்ணத் தொடங்கிவிட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். புவான் அதைப் படித்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டு, பூட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். எழுந்து எட்டிப் பார்க்கப் போன என்னைக் கையமர்த்தி, மலாயில் ஒரே வரி சொன்னார். “இது எனக்குப் புரியுது, டீச்சர், தயவுசெய்து இதைத் தொடாதீங்க.”

அடுத்த ஞாயிறு

பூட்டின் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. சூராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா வேலை அக்காவிடமே இருந்தது. இதெல்லாம் போனில் தெரிந்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. அக்கா இனி வகுப்புக்கு வருவாரா என்று ஞாயிறு காலை வகுப்பு தொடங்கியதிலிருந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிஷம் பிந்தி வந்தார். மாயாவைத் தையல் பிரிக்கக் கூட்டிப் போனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வந்திருந்தார். தாளை வாங்கியதும் என் கை பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடியது. அக்கா தாளின் மறுமுனையை விடவில்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “திருத்துங்க டீச்சர், வேணான்னு சொல்லல, ஆனா மொதல்ல என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேளுங்க.”

கேட்க ஆரம்பித்ததிலிருந்து என் வகுப்பில் பாடம் பாதிக்கு மேல் முடிவதில்லை, ஆனால் செய்த வேலையைச் செய்யவில்லை என்று நல்ல இங்கிலீஷில் யாரும் கையெழுத்துப் போடுவதும் இல்லை.