ஐந்து ராணிகளும் என் ஓட்டைவாயும்

என் மனைவியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்று ரொட்டிக்குச் சம்பல் கிடைக்காது. 'ராணி' என்று முடியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு முந்திய தலைமுறைக்கெல்லாம் அம்மன் பெயர்கள்: மாரியாயி, காமாட்சி, மீனாட்சி. அவள் பிறந்த காலத்தில் எங்கள் வரிசைவீடுகளில் லயத்துக்கு லயம் ராணிகள். ஆள ஒரு நாடுதான் இல்லை, கொழுந்துக்கூடை இருந்தது. அப்புறம் தர்ஷினிகள் வந்தார்கள். இப்போதோ நடுவில் ஒரு 'ஷ' இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூட ஆள் வராது.

மனைவி படித்த வகுப்பில் அதே பெயரில் ஐந்து பேர். ஒரு பரிசளிப்பு விழாவில் பெயரைக் கூப்பிட, எழுந்து மேடைக்குப் பாதி தூரம் நடந்துவிட்டாள். பரிசு மூன்றாம் லயத்து ராணிக்காம். திரும்பி வந்து உட்கார்ந்த அந்தப் பத்தடியைப் பற்றி எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதனால் மகள் பிறந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: கூப்பிட்டால் தன் பிள்ளை மட்டும்தான் திரும்ப வேண்டும்.

ஐயர் நட்சத்திரம் பார்த்து முதலெழுத்தைச் சொன்னார். மனைவி ஒரு வாரம் யோசித்து, நடுவில் ஒரு 'ஷ' வைத்து, உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை உண்டாக்கினாள். முப்பத்தோராம் நாள் என் அக்கா குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லும்வரை அது வெளியே போகக் கூடாது. என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் செய்த பிழை அதுதான்.

நான் ரத்தோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து ஏற்றத்தில் வண்டியே முனகிக்கொண்டு போகும்போது நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? அதிலும் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெயரைச் சொன்னேன்.

முப்பதாம் நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ், குழந்தையின் கிளினிக் அட்டையில் எழுதப் பெயர் கேட்டார். மனைவி ரகசியமாகச் சொன்னாள். மிஸ் சிரித்துவிட்டார்.

"இந்த மாசத்துல இது மூணாவது. எல்லாரும் எங்கதான் புடிக்கிறாங்களோ."

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். இருந்தது. வெகுநேரம் பார்த்தேன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் கூடியிருக்க, அக்கா குழந்தையின் காதருகே குனிந்து, என்ன பெயர் என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் பேரையே வச்சிருங்க அண்ணி."

"ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஒரே பேரா? தோட்டமே சிரிக்கும் புள்ள."

"சிரிக்கட்டும். இப்ப இந்தப் பேர யாரு வைக்கிறா? இவரு ஆட்டோவுல ஏத்தி ஊரெல்லாம் சொன்னாலும் ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க."

ஐயர் கொடுத்த எழுத்து என்னாவது என்று அக்கா இழுத்தாள். அதை ஐயரிடம் இவரே போய்ச் சொல்வார் என்று மனைவி அறிவித்தாள். போனேன். அது தனிக் கதை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. கஷ்டம் எனக்குத்தான். எங்கள் பக்கம் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் "இந்தா புள்ள"தான். இன்று மகளைத் திட்டப் பெயரைச் சத்தம் போட்டுச் சொன்னால், குசினி அடுப்படியிலிருந்து "என்னங்க?" என்று மரியாதையாக ஒரு குரல் வருகிறது. பாதித் திட்டு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. மகளுக்குச் சித்திரத்துக்கு ஒரு பரிசு. அவள் வகுப்பிலேயே அந்த 'ஷ' பெயர்க்காரிகள் இரண்டு பேர். இருவரும் என் ஆட்டோவில் வீடு போனவர்கள்தான். மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் மகள் எழுந்தாள். என் பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவியும் எழுந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் வேறு ஒருவரும் எழவில்லை.

மகள் மேடைக்குப் போய், பரிசை வாங்கி, முழுத் தூரமும் திரும்பி வரும்வரை மனைவி உட்காரவே இல்லை. மேடையை மறைக்கிறார், அம்மாவை உட்காரச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்தவர் என் தோளைத் தட்டினார்.

"அது அவ பேருதாங்க," என்றேன். "கொஞ்சம் நிக்கட்டும்."