எர்த் இல்லாத பிளக்

என் கணவரின் தம்பி ஜெர்மனியில் இருந்தார். இந்திய ஆமி வருவதற்கு முந்தின வருஷம் அவர் கொழும்பு வழியாக எங்களுக்கு ஒரு பிரிட்ஜும், ரீவியும், வீடியோ டெக்கும் அனுப்பினார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக்கு உட்புறமாக இருந்த எங்கள் வீட்டில் அதுவரை மின்சாரம் என்றால் சில பல்புகளும் ஒரு ரேடியோவும்தான். அதற்கேற்ற பழைய மெல்லிய வயர். சாமான் வந்து இறங்குமுன் வயரிங்கை மாற்ற வேண்டும் என்றேன். அதுவரைக்கும் எல்லோரும் சம்மதித்தார்கள்.

வேலைக்கு வந்தவர் கணவரின் பள்ளிக்கூடச் சிநேகிதர். புது வயர் இழுத்து, மெயின் சுவிச்சை மாற்றி, சமைக்கிற குசினிச் சுவரில் மூன்று ஓட்டை உள்ள பெரிய பிளக் ஒன்றைப் பூட்டினார். மூன்றாவது ஓட்டை எர்த்துக்கு. பிரிட்ஜின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி அதில் வரவேண்டும். அதற்குச் சுவரைக் கொத்தி, வெளியே நிலத்தில் குழாய் அடிக்க வேண்டும். சுவருக்கு அப்போதுதான் பெயின்ற் அடித்திருந்தது.

"எர்த் இல்லாட்டிலும் வேலை செய்யுமோ?" என்று கணவர் கேட்டார்.

"செய்யும். ஆனால்..."

"அப்ப விடடாப்பா. சுவரைக் கொத்த வேண்டாம்."

"எர்த் போடாமல் விடாதேங்கோ" என்றேன்.

"உமக்கு உதுகள் விளங்காது. உள்ளுக்கை போம்" என்றார் கணவர்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். அவருக்கு அது தெரியாததல்ல. சிநேகிதர் என்னைப் பார்க்காமல் பிளக்கின் மூடியைப் போட்டு முறுக்கினார். உள்ளே மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

பிரிட்ஜ் வந்த கிழமைக்குள்ளேயே மாமியை, என் கணவரின் தாயை, அது அடித்தது. ஈரக் கையோடு பிடியைத் தொட்டவர் "ஐயோ" என்று கையை உதறினார். என் கணவர் கடைக்குப் போய் ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கி வந்தார். "இதைப் போட்டுக்கொண்டு திறவுங்கோ. ஒண்டும் செய்யாது." அன்று முதல் பிரிட்ஜுக்கு முன்னால் செருப்பு கிடந்தது. கோயில் வாசலில் கழற்றுகிற செருப்பை எங்கள் வீட்டில் குசினிக்குள் போட்டுக்கொண்டு நின்றோம். அதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரியும்.

ஜெர்மனித் தம்பியாரின் கலியாண வீடியோ கசெற் வந்தது. அயலவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவதற்கு ஒரு ஞாயிறு பின்னேரம் ஏற்பாடு. கணவர் ஆக்கள் இருக்க விறாந்தையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்கு நாலு வயது. கிணற்றடியில் குளித்த ஈரத்தோடு, வெறுங்காலோடு, ஐஸ் தண்ணீருக்கு ஓடினாள். பின்னால் துடைக்கத் துவாயோடு வந்த எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பிடியில் ஒட்டிக்கொண்டு உதறியபடி நின்றாள். ஓடிப்போய் மெயின் சுவிச்சை இழுத்தேன். அவள் விழுந்தாள். உதடு நீலம். பிறகுதான் அழுதாள்.

"ஏன் கறண்டை நிப்பாட்டினனீர்? ஆக்கள் வந்திட்டினம்" என்றபடி கணவர் வந்தார். சொன்னேன். பிள்ளையைத் தூக்கி, கையைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப சுகமாத்தானே இருக்கிறாள். செருப்பைப் போடாமல் ஏன் விட்டனீர்?"

நான் மெயின் சுவிச்சடிக்குப் போனேன். பெட்டியைத் திறந்து பியூஸ்களைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டேன். அவர் என் பின்னாலேயே, ஆக்கள் வந்து இருந்த விறாந்தைவரை வந்தார்.

"அதைத் தாரும்."

"தரமாட்டன். எர்த் போட்டாப்பிறகு தாறன்."

"ஆக்களுக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்திறீரோ?"

"பிள்ளை செத்திருந்தால் இதே ஆக்கள் வந்து இதே கதிரையளிலைதான் இருந்திருப்பினம்."

 முன்வரிசையில் வயரிங் செய்த அந்தச் சிநேகிதர் இருந்தார். "அண்ணை, அண்டைக்கு 'ஆனால்' எண்டு சொல்லி நிப்பாட்டினனீங்கள். மிச்சத்தை இப்ப சொல்லுங்கோ" என்றேன். 

மாமிதான் எழுந்தார். "பிள்ளை சொல்லுறது சரி. என்னையும் உது அடிச்சது. நான் வாயை மூடிக்கொண்டு செருப்பைப் போட்டன்." மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போக, அயலவர் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

சில நாட்கள் எங்கள் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. நானே யாழ்ப்பாணம் ரவுணுக்கு பஸ் ஏறிப் போய் வேறொருவரைக் கூட்டி வந்தேன். அவர் சுவரைக் கொத்தினார். எப்போதும் ஈரமாக இருக்கும் கிணற்றடியில் குழாயை அடித்தார். பிரிட்ஜின் பின்பக்கத்தில், லொறியில் உரசித் தோல் போன வயர் ஒன்று இரும்பில் முட்டிக்கொண்டு கிடந்ததையும் பிடித்துக் காட்டினார். அன்று முழுக்கக் கணவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதன்பின் வெகுநாள் என்னோடு கதைக்கவுமில்லை. நானும் போய்க் கதைக்கவில்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மின்சாரம் நின்றுபோனது. பிரிட்ஜுக்குள் எலிக்குப் பயந்து அரிசியும் மாவும் வைத்தோம். ஒருநாள் சொந்தக்காரர் ஒருவர் வந்து அதைப் பார்த்து, "வீணாப் போச்சே" என்று வருந்தினார். கணவர் அதன் பக்கத்தில் தட்டிச் சொன்னார்: "எர்த் எல்லாம் போட்டு ஒழுங்கா வைச்சிருந்தனாங்கள். நான்தான் நிண்டு செய்விச்சனான்."

நான் அளக்கிற சுண்டால் அரிசி அள்ளிக்கொண்டிருந்தேன். "பொய். சுவரைக் கொத்த வேண்டாமெண்டு நிண்டவர் இவர்தான்" என்றேன்.

வந்தவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கணவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.