மேல்வீட்டு அம்மாவின் கியோட்டோப் பயணம்

மேல்வீட்டு அம்மா என் கிண்ணங்களை வெறுமையாகத் திருப்பித் தந்த அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதற்கு முந்திய கிழமைகளிலும் சில அடையாளங்கள் இருந்தன. கண்டும் பேசாமல் இருந்தேன். கிண்ணங்களைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கிண்ணங்களின் கதையை முதலில் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் நாங்கள் வுப்பர்டாலில் இருந்தோம். ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடும் ஊர் அது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்த ரயில் தெரியாது. வளைவில் திரும்பும்போது இரும்பு கிறீச்சிடுவது மட்டும் கேட்கும். மகளும் மருமகனும் நானும் கீழ்வீட்டில். மேல்வீட்டில் ஒரு ஜேர்மன் அம்மாவும் அவருடைய கணவரும். நாங்கள் வந்த வருடப் பொங்கலுக்கு ஒரு சில்வர் கிண்ணத்தில் சர்க்கரைப் புக்கை போட்டு மேலே அனுப்பினேன். பின்னேரம் அந்த அம்மா கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு வந்து நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"எங்கடை ஆக்கள் ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றேன் மகளிடம். "ரெண்டு சிட்டிகை சீனி எண்டாலும் போட்டுத்தான் குடுக்கிறது."

மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா இருங்கோ அம்மா. அவையளுக்கு இதெல்லாம் விளங்காது."

"சோறு விளங்கினவவுக்கு இதுவும் விளங்கும். நீ சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, படியேறிப் போய் மூன்று சீனிக்கட்டிகளைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றையிலிருந்து எங்கள் கிண்ணங்கள் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. வடை போனால் பிளம்ஸ் கேக் வரும். கத்தரிக்காய்க் குழம்பு போனால் அவித்த உருளைக்கிழங்கு வரும். எங்கள் சனம் வாசலில் நின்று என்னை "அக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்து அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர். நான் திருத்தப் போகவில்லை. மூத்தவர் ஒருவர் அக்கா என்று கூப்பிடுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவருடைய கணவர் நாடா நெய்யும் ஆலையில் மேற்பார்வை செய்தவர். நெஞ்சு வருத்தத்தில் கனகாலம் கிடந்து ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் செய்த அடுத்த நாளும் நான் கஞ்சி அனுப்பினேன். அன்றைக்கும் கிண்ணம் வெறுமையாக வரவில்லை. உள்ளே ஒரு அப்பிள் இருந்தது. ஒரு பக்கம் அடிபட்ட அப்பிள்தான். அதைப் பார்த்து, இந்த மனுசி தப்பிவிடும் என்று மகளிடம் சொன்னேன்.

இலை கொட்டத் தொடங்கிய நேரம் ஒரு நாள் அவர் தடித்த ஒரு படப் புத்தகத்தோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார். அவர் பேசுவது ஜேர்மன். மகள் சொன்னதையும் நானாக விளங்கிக்கொண்டதையும் சேர்த்து என் தமிழில்தான் இதை எழுதுகிறேன்.

"அக்கா, நான் யப்பானுக்குப் போறன்" என்றார். "கியோட்டோவுக்கு. நாலு நாள்."

முந்தி ஒருகாலம் அந்த நகரத்திலிருந்து பட்டு நெய்கிறவர்கள் சிலர் ஆலையைப் பார்க்க வந்திருந்தார்களாம். அதில் ஒருவர் இவருடைய கணவருக்கு ஒரு விரல் அகலத்தில் பட்டுத் துண்டொன்று கொடுத்துவிட்டுப் போனார். வேலையிலிருந்து ஓய்வெடுத்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதாக மனுசன் சொல்லியிருக்கிறார். ஓய்வு வந்தபோது மூச்சு இல்லை. அந்தப் பட்டுத் துண்டைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்தார் அந்த அம்மா.

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவருமாகப் பயணத்தைத் திட்டமிட்டோம். எழுத்து எனக்கு வேண்டாம். படம் போதும். முதல் நாள் தங்கத் தகடு போர்த்திய கோயில். குளத்துக்குள் இன்னொரு கோயில் தலைகீழாக நின்றது. இரண்டாம் நாள் நெசவுகாரரின் தெரு. மூன்றாம் நாள் ஒரு தோட்டம். அதில் மரமும் இல்லை, பூவும் இல்லை, வாரிவிட்ட சரளையும் சில கற்களும் மட்டும்.

"இவ்வளவு தூரம் பறந்து போய்க் கல்லைப் பாக்கப் போறியளோ?" என்றேன். "எங்கடை பின்வளவுக்கு வாங்கோ, நான் சும்மா காட்டுறன்."

சிரித்தார். கோயிலுக்குள் சப்பாத்துக் கழற்றவேண்டும், ஆனபடியால் ஓட்டை இல்லாத காலுறை வேண்டும் என்றேன். பிளேனில் வயிற்றைப் பிரட்டினால் மணக்க ஒரு தேசிக்காய் தருகிறேன் என்றேன். அதற்கெல்லாம் தலையாட்டினார்.

"நாலாம் நாள்?"

புத்தகத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாலாம் நாளுக்கு ஒண்டும் இல்லை" என்றார்.

"எனக்கு என்ன கொண்டருவியள்?" என்று பகிடியாகக் கேட்டேன். புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பினார். ஆற்றுப் பக்கம் ரயில் கிறீச்சிட்டது. குடிக்காத கோப்பி ஆடை படிந்து கிடந்தது.

அதன் பிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். பூச்சாடிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். நாலு நாள் தண்ணீர் விட ஆள் இல்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். பிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்து விட்டார். ஒரு நாள் தன்னுடைய தடித்த குளிர்க் கோட்டைக் கொண்டுவந்து மகளின் தோளில் போட்டு, இது உனக்கு என்றார்.

மகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நல்ல கம்பளி அம்மா. பாருங்கோ, புதுசு போலை இருக்கு."

"பனி கொட்டப் போற நேரத்திலை ஆராவது கோட்டைக் குடுப்பினமோ?"

"அவவுக்கு வேறை இருக்கும்."

நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. கொடியில் சீலை காய்ந்தது. இரண்டு நாளில் வந்துவிடுவோம் என்று நினைத்தவர்கள் அப்படித்தான் விட்டுவிட்டு வருவார்கள். திரும்பி வர நினைக்கிறவர் வீட்டை இப்படிக் கழுவி வைக்கமாட்டார்.

பயணத்துக்கு முந்திய கிழமை, மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், மணி அடித்தது. மேல்வீட்டு அம்மா. கையில் எங்கள் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி. மறந்துபோன பழைய மூடிகூட மேலே இருந்தது.

"உங்கடை எல்லாம் இதிலை இருக்கு அக்கா."

வாங்கினேன். பாரம் இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கழுவின மினுக்கம்தான் இருந்தது, ஒரு சீனிக்கட்டி இல்லை. அடிக் கிண்ணம் வரைக்கும் பார்த்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். நான் என்ன தேடினேன் என்று அவருக்குத் தெரியும்.

"வீட்டிலை இப்ப ஒண்டும் இல்லை" என்றார். படியேறிப் போய்விட்டார்.

மகள் வேலையால் வந்ததும் சொன்னேன். "இந்த மனுசி திரும்பி வாறதுக்குப் போகேல்லை. அங்கையே முடிக்கப் போகுது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா. ஒரு கிண்ணத்தை வைச்சே?"

"அடக்கம் முடிஞ்ச அடுத்த நாள் அப்பிள் வைச்சவ. இண்டைக்கு ஒண்டும் வைக்கேல்லை."

மகள் உடுப்பு மாற்றவில்லை. தானாகவே போய் அந்தக் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு, "வாங்கோ" என்றாள். முழங்கால் நோவோடு நான் அந்தப் படியை ஏறினேன். கையில் சோறும் பருப்பும் போட்ட ஒரு கிண்ணம்.

மேல்வீட்டில் சுவர்கள் வெறுமையாக இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் சின்னச் சூட்கேஸ். மேசையில் அந்தப் புத்தகம். கிண்ணத்தை அதன்மேல் வைத்தேன்.

"நாலாம் நாள் என்ன செய்யப் போறா எண்டு கேள்" என்றேன்.

மகள் தலையைக் குனிந்தாள். "அதை எப்பிடியம்மா கேக்கிறது? ஏலாது."

அவளால் ஏலாவிட்டால் எனக்கு ஏலும். நாலு விரலைத் தூக்கிக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் இரண்டு மூன்று. நாலு, நாள், என்ன. அவற்றைப் போட்டு நானே கேட்டேன்.

நான் விரலை இறக்கவில்லை. கடைசியில் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். மகள் அழுதுகொண்டே தமிழில் சொன்னாள்: "அந்தக் கல்லுத் தோட்டம் வரைக்கும்தானாம் யோசிச்சவ. அவர் இல்லாமல் திரும்பி வந்து இந்தப் படியேற ஏலாதாம்."

எனக்கு வந்தது கோபம். "படியேற ஏலாட்டி ஏறாதேங்கோ! கீழ்வீடு எங்கடைதானே. எங்களோடை நில்லுங்கோ. இதைச் சொல்லு. பிறகு இதையும் சொல்லு. நானும் கியோட்டோவுக்கு வாறன்."

மகளின் அழுகை நின்றுவிட்டது. "நீங்களோ? அம்மன்ரை தேருக்குப் போய் வந்தே ரெண்டு நாள் படுக்கிற ஆள் நீங்கள்."

"சொல்லு."

"உங்கடை நீல அகதிப் பாஸுக்கு விசா எடுக்கவேணும். அன்ராக் படிவம் நிரப்பிப் போடவேணும், விசாக் கந்தோரிலை நாள் குறிச்சு டெர்மின் எடுக்கவேணும். மாசக்கணக்காகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் அவ நிக்கட்டும். அக்காவை விட்டிட்டுப் போவாவோ எண்டு கேள்."

மகள் கேட்டாள். அந்த அம்மா என்னை நீண்ட நேரம் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று விளங்காத ஆள் இல்லை அவர். பிறகு கிண்ணத்தின் மூடியைத் திறந்து, நின்றபடியே ஒரு கரண்டி சோறு சாப்பிட்டார். அடுத்த நாள் மகளே அவரைக் கூட்டிக்கொண்டு பயண முகவரிடம் போய்ப் பயணத்தைத் தள்ளிப் போட்டாள். அதே கையோடு டொக்டரிடமும் கூட்டிப் போனாள்.

பயம் அதோடு போய்விடவில்லை. குளிர்காலம் முழுக்க நான் மேலே காது வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவர் நடக்கும் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். பிந்தினால் வீடு கூட்டும் தும்புத்தடியால் கூரையில் தட்டுவேன். அவர் இரண்டு தரம் காலால் உதைப்பார். அந்த விசாக் கந்தோரும் ஒவ்வொரு முறை போகும்போது இன்னுமொரு கடுதாசி கேட்டது. மருமகன் சினந்தார். நான் மனதுக்குள் அந்தக் கந்தோரை வாழ்த்தினேன். ஆனால் சோறு கொண்டுபோய் வைத்த அந்தக் கிண்ணம் திரும்பி வரவேயில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, வெறுமையாக வந்துவிட்டால்?

பனி உறைந்திருந்த ஒரு காலை மேலே சத்தமே இல்லை. தட்டினேன். மறுமொழி இல்லை. திரும்பவும் தட்டினேன், கூரைப் பூச்சு உதிர்ந்து என் முகத்தில் விழும் வரைக்கும். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. சால்வைகூடப் போடாமல், தும்புத்தடியும் கையுமாகப் படியேறினேன். கதவில் அடித்தேன், கூப்பிட்டேன். உள்ளே மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். பிந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கீழே வாசற்கதவு திறந்து மூடியது. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவரும் சத்தம். வளைவில் முதலில் ஒரு பை தெரிந்தது. பிறகு அந்த அம்மா. தலைத்தொப்பியில் பனி. உடம்பில் மகள் திருப்பிக் கொடுத்த அந்தக் கோட்டு.

"அக்கா, ஏன் இந்தக் குளிருக்குள்ளை இருக்கிறியள்?" என்றார்.

கையிலிருந்த தும்புத்தடியைக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்தார். உள்ளே உருளைக்கிழங்கு. பக்கத்தில் என்னோடு படியில் இருந்து, என் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

பின்னேரம் அவர் அந்தக் கிண்ணத்தோடு வந்தார். துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு ரொட்டிகள், எண்ணெய் இன்னும் சுட்டது.

"உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

"ஓம். கூடத்தான்" என்றேன். எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். மகளுக்குக்கூட வைக்கவில்லை.

என் விசா பங்குனியில் வந்தது. நாங்கள் இருவரும் புறப்படுவதற்கு முதல் நாள் அவருடைய சூட்கேஸைத் திறந்து பார்த்தேன். காலுறைகள், புத்தகம், பட்டுத் துண்டு. அவருடைய உடுப்புகளுக்கு நடுவில் என் சில்வர் கிண்ணத்தை வைத்தேன், வெறுமையாகவே. பார்த்துக்கொண்டு நின்ற அவருக்குச் சொல்லச் சொல்லி மகளிடம் சொன்னேன்:

"இது என்ரை கிண்ணம். நாலாம் நாள் அந்த ஊர்க் கடையிலை ஏதாவது வாங்கி நிரப்பிக்கொண்டு திரும்பி இஞ்சை வந்து தரவேணும்."

அவர் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, சூட்கேஸை மூடினார்.